பூனை படுக்க மறுத்த சுவர்

“அடுப்பு போடறேன்!”

சமையலறையிலிருந்து இந்தக் குரல் கிளம்பியதும் அந்த வீட்டில் ஆளாளுக்கு ஓட்டம் பிடிப்பார்கள். இரவு வேலை முடித்து வந்திருக்கும் மகள், தேய்த்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்குவாள். குளியலறையில் அப்பா ஹீட்டரை அணைத்துவிட்டு, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கதவுக்கு வெளியே வந்து நிற்பார்.

“ஹீட்டர்?”

“ஆச்சு!”

“இஸ்திரி?”

“பிடுங்கியாச்சும்மா!”

“பிரிட்ஜு?”

“அது உன் பக்கத்துலதானே இருக்கு, நீயே பிடுங்கு!”

விமானம் கிளம்புவதற்கு முன்னால்கூட இத்தனை விசாரணை நடக்காது. எல்லாம் அணைந்தது என்று உறுதியானதும் அம்மா ஓவனின் சுவிட்சைத் தட்டுவாள். விளக்குகள் தூக்கம் வந்த குழந்தை மாதிரி ஒரு தரம் கண் சொருகிவிட்டு நிமிரும். பிறகு அரை மணி நேரத்தில் வீடு முழுக்க பன் வாசனை பரவும். அந்த வட்டாரத்து டீக்கடைகளுக்கெல்லாம் அவள் சுட்ட பன்தான். தெருவில் அவளுக்குப் பெயரே பன் அக்கா.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை கிடையாது. பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்க ஒரு நேரம் இருப்பது போல இந்த வீட்டில் கரண்ட் பிடிக்க ஒரு நேரம் என்று பழகிப்போய்விட்டது.

ஆனால் குறைப்பட வேண்டிய ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தார். பன் அக்காவின் கணவர் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். எங்காவது வீடோ கடையோ எரிந்தால், புகை அடங்கியதும் போய், தீ எப்படிப் பிடித்தது என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. கிளம்பும்போது வாசலில் நின்று, “கவனம் வேணுங்க, கவனம்!” என்று சொல்லாமல் அவர் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை. அதனால் ஆபீசிலும் தெருவிலும் அவர் கவனம் சார்.

தொழிலில் ஆள் சூரர். கரியை மோந்து பார்த்தே எந்த சுவிட்சில் ஆரம்பித்தது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு ஜவுளிக்கடையின் சாம்பலை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “ஒயர் மட்டம்” என்றாராம். ஆபீசில் இதை நேரில் பார்த்ததாகப் பலர் சொல்கிறார்கள். அன்று லீவில் இருந்தவர்களும் அதில் சேர்த்தி.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஒயர் யார் போட்டது? அவரேதான்.

மனைவி பன் சுட ஆரம்பித்த காலத்தில் சமையலறையில் ஓவனுக்கென்று ஒரு ப்ளக் இல்லை. ஒரு விடுமுறை நாளில் கவனம் சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரணில் கிடந்த ஒயரை எடுத்து, மகளின் அறையிலிருந்து சுவரைச் செதுக்கி, சமையலறை வரைக்கும் லைன் இழுத்துவிட்டார். நடுவில் ஒரு இடத்தில் ஒயர் போதாமல் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அந்த ஒட்டின் மேல் சுற்ற டேப்பும் தீர்ந்துபோயிருந்தது. அதற்கு அவர் செய்த மாற்று ஏற்பாட்டை அவரும் சுவரும் மட்டுமே அறிவார்கள். மேலே சிமென்ட் பூசி, சுண்ணாம்பு அடித்து, “எப்படி?” என்று மனைவியைக் கேட்டார். கண் கலங்கிவிட்டாள் அவள். கல்யாணமாகி அவர் தன் கையால் செய்து கொடுத்த முதல் பொருள் அது.

ஆரம்பத்தில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. ஒயர் தாங்காதபோது விழுவதுதான் அதன் உத்தியோகம். கவனம் சாருக்கு அது தொல்லையாகப் பட்டது. பெரிய சுவிட்சாக ஒன்று வாங்கி வந்து அதை மாற்றினார். அப்புறம் அது விழவே இல்லை. குரைக்கிற நாய்க்கு வாயைக் கட்டிவிட்டு, இந்தத் தெருவில் திருட்டே கிடையாது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறதல்லவா, அந்த நிம்மதி.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். பழுப்பு நிறத்தில் ஒரு கிழட்டுப் பூனை. எந்த வேலையும் செய்யாமல், எல்லா அறையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படுத்துக்கொள்வதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். ஓவன் எரிகிற நேரமெல்லாம் மேனேஜர் ஒரே இடத்தில்தான் படுக்கும். மகளின் அறையில், அவள் கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு. “பன் வாசனை அதுக்குப் பிடிச்சிருக்கு” என்றாள் அம்மா. “என்மேல பாசம்” என்றாள் மகள். “தியானம்” என்றார் கவனம் சார். மேனேஜர் இதில் எதையும் மறுக்கவில்லை.

பழைய ஓவன் ரொம்ப நாளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கதவு மூடாமல் போனதும் கவனம் சார் தன் பெல்ட்டைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டினார். ஆபீசில் அதன்பிறகு இடுப்பில் கை வைத்தபடியேதான் நிற்பார். என்ன ஒரு தன்னம்பிக்கை என்று மேலதிகாரிக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. கை வைத்திருந்தது பேண்ட்டுக்காக என்பது அந்த அதிகாரிக்குத் தெரியாது.

ஒரு நாள் ஓவன் ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. அதே வாரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து பன் அக்காவுக்கு அழைப்பு வந்திருந்தது. தினமும் பன் வேண்டும். முதல் நாள் சரக்கு பிடித்துப்போனால் நிரந்தரம். டீக்கடைக்குச் சுடுவது வேறு, கேன்டீனுக்குச் சுடுவது வேறு. பெரிய ஓவன் வாங்கியே ஆகவேண்டும்.

செய்தி கேட்டு அவள் தம்பி வந்து சேர்ந்தான். எலெக்ட்ரீஷியன். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. தன் கல்யாண மேடையில் ஏறியதும் டெஸ்டரை எடுத்து மைக்கைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தான், பெண்ணை அப்புறம்தான் பார்த்தான் என்பார்கள். டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடக்கம் என்பது அவன் இருந்த பக்கமே வந்ததில்லை. தான் தொட்ட ஒயரில் கரண்ட் போவதற்கு முன்னால் அனுமதி கேட்கும் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“மாமா, புது ஓவன் பழசு மாதிரி இல்ல, ரெண்டு மடங்கு இழுக்கும். அதை வாங்கறதுக்கு முன்னாடி ஒயரைத் திறந்து பாத்துடுவோம். போர்டுலேர்ந்து தனி லைன், தடிமனான ஒயர், அதுக்குத் தகுந்த ட்ரிப் சுவிட்ச். ஒரு நாள் வேலை.”

“மாப்ள, இந்த லைனைப் போட்டது யாரு தெரியுமா?”

“தெரியும் மாமா. அதனாலதான் சொல்றேன்.”

பன் அக்கா மாவு பிசைந்துகொண்டே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. கவனம் சார் முகம் சுருங்கிவிட்டது. சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மச்சினன் அதைப் பார்த்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு எல்லா விசேஷத்திலும் அதுதான் பேச்சு.

“இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே!” என்றார்.

எரிந்துபோன வீடுகளில் நின்று அவர் கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் அது. யாராவது அதைச் சொன்னால் ஓரமாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ‘கவனக்குறைவு’ என்று எழுதுவார். தன் வாயிலிருந்து வந்தபோது அது வேறு ஏதோ நல்ல வாக்கியம் மாதிரி இருந்தது.

“அக்கா, நீயாவது சொல்லேன்.”

“உங்க மாமாதான்டா ஊருக்கே சொல்றவரு. அவருக்குத் தெரியாததா?” என்றாள் அவள். உண்மையாக நம்பித்தான் சொன்னாள்.

கடையிலும் கேட்டார்கள். “சார், வீட்டு ஒயரிங் இந்த லோடு தாங்குமான்னு பாத்துட்டீங்களா?” என்றாள் விற்பனைப் பெண்.

“நான் யாருன்னு தெரியுமாம்மா? தீப்பிடிச்ச வீட்டையெல்லாம் பாக்கறவன்.”

“அப்ப சரி சார்” என்று அவளும் விட்டுவிட்டாள். பாவம், பிடிக்காத வீட்டைப் பார்த்தீர்களா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஓவன் வந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கறுப்புக் கண்ணாடிக் கதவு, பெல்ட் தேவையில்லை. கேன்டீனுக்கு முதல் சரக்கு போக வேண்டிய நாள், பன் அக்கா விடிந்ததுமே தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். கவனம் சார் மீட்கப்பட்ட பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசி நடந்து ஆபீசுக்குப் போனார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மனைவி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது, பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் குரல் துள்ளியது.

“என்னங்க, முதல் தட்டு எடுத்துட்டேன். எல்லாம் ஒரே நிறம்! ஒண்ணுகூடக் கருகலை. இன்னும் மூணு தட்டு போட்டா முடிஞ்சுது.”

“நான்தான் சொன்னேனே. பொண்ணு வந்துட்டாளா?”

“அவ அப்பவே வந்து படுத்தாச்சு. காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுத் தூங்கறா. நைட்டு ஆஸ்பத்திரியில ஓயாம வேலையாம். மேனேஜருக்குத்தான் புது அடுப்பு பிடிக்கலை. வழக்கமா படுக்கற இடத்துல போய்ப் படுத்துச்சு. படுத்த வேகத்துல எகிறிக் குதிச்சு, வாலைத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடிடுச்சு. கூப்பிட்டாலும் வரலை.”

“புதுசு இல்லையா, பழகிடும்” என்று சிரித்துவிட்டு வைத்தார் கவனம் சார்.

அவர் அப்போது நின்றுகொண்டிருந்தது ஒரு எரிந்த வீட்டின் வாசலில். சின்ன வீடு. வெளிச்சுவரில் ஜன்னலுக்கு மேல் கறுப்பு நாக்கு மாதிரிப் புகை படிந்திருந்தது. உள்ளே ஒரு அறை மட்டும் முழுக்கப் போயிருந்தது. கட்டில் இரும்புச் சட்டமாக நின்றது. ஆட்கள் யாரும் உள்ளே இல்லாத நேரமாகப் போனதால் உயிருக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரம்மா தபாலாபீசில் வேலை பார்ப்பவர். கரி படிந்த துணிகளை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே வந்தார்.

கவனம் சார் சுவரைப் பார்த்தார். சிமென்ட் வெடித்து, உள்ளே ஒயர் உருகி வழிந்த தடம். சாம்பலை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“சமையல் ரூம் சார். போன வாரம்தான் புது ஓவன் வாங்கினோம்.”

“ஒயரைப் பாத்தீங்களா வாங்கறதுக்கு முன்னாடி?”

“இல்லியே சார். வீடு வாங்கும்போதே இருந்த ஒயர். இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலை.”

கவனம் சார் ஓரமாக ஒரு சிரிப்புச் சிரித்தார். “ஒரு அறிகுறி இல்லாம இப்படி ஆகாதும்மா. ஏதாவது ஒண்ணு இருந்திருக்கும். வாசனை, சத்தம்...”

“வாசனையெல்லாம் ஒண்ணும் வரலை” என்று அந்தம்மா யோசித்தார். “அந்தச் சுவரு மட்டும் எப்பவும் கொஞ்சம் கதகதன்னு இருக்கும். பிள்ளைங்க ஈர சாக்ஸை அது மேல ஒட்டி வெச்சு காய வெப்பாங்க. புது ஓவன் வந்தப்புறம் சீக்கிரமாவே காய்ஞ்சுது. ஒருநாள் ஒரு சாக்ஸு பிஸ்கட் நிறமா மாறிடுச்சு. சோப்பு சரியில்லைன்னு நினைச்சேன்.”

“சுவரு சூடா இருந்திருக்கு, சாக்ஸு தீய்ஞ்சிருக்கு, சோப்பை மாத்தியிருக்கீங்க!” கவனம் சாருக்குத் தொழில் உற்சாகம் வந்துவிட்டது. “என்னம்மா இது? சுவரு சூடாகுதுன்னா உள்ள ஒயரு கொதிக்குதுன்னு அர்த்தம். இது ஒரு குழந்தைக்கும் தெரியுமே! கவனம் வேணாமா?”

அந்தம்மா வாளியைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்:

“நீங்க உங்க வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாப்பீங்களா சார்?”

“எங்க வீட்ல எதுக்கும்மா தொடணும்? எங்க வீட்ல பூனையே...” என்று ஆரம்பித்தார் கவனம் சார்.

அங்கேயே நின்றுவிட்டார். பூனையே அந்தச் சுவரில்தான் படுக்கும். ஓவன் எரியும்போது மட்டும் படுக்கும். இன்றைக்குப் படுத்துவிட்டு எகிறிக் குதித்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கட்டில். கட்டிலில், காதில் பஞ்சோடு, மகள்.

“சார்? தண்ணி வேணுமா சார்?”

கவனம் சார் போனை எடுத்தார். மனைவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை, கை முழுக்க மாவாக இருக்கும். மகளுக்கு அடித்தார். தூங்கும்போது அவள் போனை அணைத்து வைப்பாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு தரம் அடித்தார். அவர் நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குப் போக நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். அதற்குள் இன்னும் மூன்று தட்டு பன் வெந்துவிடும்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர். அதை அழுத்தினார்.

“சொல்லுங்க மாமா! என்ன, ஓவன் பிரமாதமா ஓடுதுன்னு வெறுப்பேத்த போன் பண்றீங்களா?”

“மாப்ள, நீ எங்க இருக்க?”

“உங்க வீட்டுக்குப் பின்தெருவுல. ஏணி மேல. பல்பு மாட்டிட்டு இருக்கேன்.”

“இறங்கு. எங்க வீட்டுக்கு ஓடு. மெயினை அணை. பொண்ணை எழுப்பி வெளியே கூட்டிட்டு வா. அப்புறம், நீ சொன்னதுதான்டா சரி.”

மாமா சரி என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. அதிலிருந்தே விஷயம் எவ்வளவு மோசம் என்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் ஓடிய ஓட்டத்தைப் பற்றித் தெருவில் பலவிதமாகச் சொல்கிறார்கள். இறங்க நேரமில்லாமல் ஏணியோடேயே ஓடினான் என்பது ஒரு கட்சி. ஏணி அவன் பின்னால் ஓடிவந்தது என்பது இன்னொரு கட்சி. செருப்பு பின்தெருவில் கிடந்தது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

கவனம் சார் வந்து சேர்ந்தபோது வீட்டில் மின்சாரம் இல்லை. மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மேனேஜர். அவர் நேராக மகளிடம் போய், தலையைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா. தலையணைதான்” என்றாள் அவள். சுவர்ப் பக்கம் இருந்த தலையணை மூலை பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. அதே நிறத்தில் ஒரு சாக்ஸ் இருந்ததாக அவர் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கேள்விப்பட்டிருந்தார். படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே டெஸ்டர் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தான். பன் அக்கா மாவுக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டு சிமென்ட் விழுந்ததும் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய புகை, இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த பெருமூச்சு மாதிரி வெளியே வந்தது. ஒயரின் மேல்தோல் பொரிந்து போயிருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஏதோ கருகிய துணி.

டெஸ்டர் அதைக் குறடால் பிடித்து இழுத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு ஒரு மரியாதை கலந்த பயம்.

“மாமா,” என்றான், “இது காயத்துக்குப் போடற பிளாஸ்திரிதானே?”

வாசலில் கவனம் சார் போர்வையின் நுனியை மகளின் காலுக்கு மேல் இழுத்துவிட்டார்.

“டேப்புக்குப் பதிலா பிளாஸ்திரியா? ஒயருக்கு அடிபட்டிருந்துச்சா மாமா?”

வேறு நாளாக இருந்தால் பன் அக்கா சிரித்திருப்பாள். இன்று சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து, கணவரின் முன்னால் நின்றாள்.

“இதுதான் உள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தம்பி பாக்கறேன்னு சொன்னப்பவும் தெரியும்?”

“தெரியும். அவன் சிரிப்பான்னு...”

“எரிஞ்ச வீட்டுக்காரங்களையெல்லாம் கவனக்குறைவுன்னு எழுதறீங்களே. அவங்க தெரியாம விட்டவங்க. தெரிஞ்சே விட்டவங்களுக்கு என்னன்னு எழுதுவீங்க?”

மகளின் மடியிலிருந்த மேனேஜர்கூட அவர் முகத்தைப் பார்த்தது. அது யாரையும் நிமிர்ந்து பார்ப்பது அதுவே முதல் தடவை என்று மகள் பிறகு சொன்னாள்.

அழுவதற்கும் சண்டைக்கும் அன்று நேரம் இருக்கவில்லை. உள்ளே மூன்று தட்டு மாவு கரண்ட்டுக்கெல்லாம் காத்திராமல் உப்பிக்கொண்டிருந்தது. தட்டை விட்டு வழிந்து, மேஜை விளிம்பில் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விட்டால் கேன்டீனுக்குத் தானே நடந்து போய்விடும் போலிருந்தது. தெருமுனை பேக்கரிக்காரருக்கும் பன் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய டீக்கடை வாடிக்கையெல்லாம் இவள் பக்கம் வந்துவிட்ட கோபம். கவனம் சார் எழுந்தார். இரண்டு தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கையில் ஏந்தி, நேராக அந்த பேக்கரிக்குப் போனார்.

“உங்க அடுப்புல கொஞ்சம் இடம் வேணும். எங்க வீட்டு ஒயரைக் கெடுத்து வெச்சிருக்கேன். தப்பு என்னோடது, அவளோடது இல்ல.”

பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்த மாவு நெற்றி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“முதல்ல தட்டை இறக்குங்க சார். உங்க மூக்கும் சேந்து வெந்துடப்போகுது” என்றார்.

சரக்கு தாமதமாகத்தான் போனது. கேன்டீன்காரர் முணுமுணுத்தார், ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டதும் முணுமுணுப்பு நின்றது. நாளைக்கும் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் டெஸ்டர் அந்த வீட்டை ஆண்டான். போர்டிலிருந்து ஓவனுக்கு மட்டும் தனியாகத் தடித்த ஒயர் போனது. விழ வேண்டிய நேரத்தில் விழுகிற ட்ரிப் சுவிட்ச் மறுபடி வந்தது. எர்த் ஒயர் என்று ஒன்று அந்த வீட்டுக்குள் முதல் முறையாகக் காலடி வைத்தது. மற்ற ப்ளக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘அடடா’ போட்டான். கவனம் சார் பக்கத்திலேயே நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டார். “பிளாஸ்திரி எடுத்துட்டு வரட்டுமா மாமா?” என்று அவன் கேட்கும்போதெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அது அவர் அனுபவிக்க வேண்டிய தண்டனை என்று தீர்மானித்திருந்தார். அவன் சிரித்தான், அவரும் பிழைத்துத்தான் கிடந்தார். சிரிப்பில் யாரும் செத்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தபாலாபீஸ் அம்மாவின் வீட்டுக்கு மறுபடி போனார். சுவருக்குள் பழைய ஒயர் பழுதாகி எரிந்தது, சுவர் சூடானதன் அர்த்தம் வீட்டிலிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். கவனக்குறைவு என்ற சொல் அதில் வரவில்லை. அந்தச் சொல்லை இப்போது தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

புது லைன் போட்ட முதல் நாள் காலை, சமையலறையிலிருந்து பழக்கதோஷத்தில் குரல் கிளம்பியது.

“அடுப்பு போடறேன்!”

மகள் இஸ்திரியைப் பிடுங்க ஓடினாள். கவனம் சார் நுரையோடு வெளியே வந்தார்.

“யாரும் எதையும் அணைக்க வேணாம்!” என்று டெஸ்டர் போர்டுக்கு முன்னால் கையை விரித்து மறித்தான். “எல்லாத்தையும் போடுங்க. ஹீட்டர், இஸ்திரி, பிரிட்ஜு, எல்லாம்!”

ஓவன் எரிந்தது. விளக்குகள் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. நால்வரும் நின்று, மங்காத பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நஷ்டம் ஒருவருக்குத்தான். மேனேஜர் மகளின் அறைக்குள் வந்து, தலைமாட்டுச் சுவரில் வழக்கமான இடத்தில் முதுகைச் சாய்த்தது. சுவர் ஜில்லென்று இருந்தது. எழுந்தது. மறுபடி சாய்ந்து பார்த்தது. பிறகு கவனம் சாரின் காலடியில் வந்து உட்கார்ந்து, ஏதோ ஒரு சலுகையைப் பறிகொடுத்த ஊழியர் மாதிரி நீளமாக ஒரு புகார் வைத்தது. அவர் குனிந்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்போதும் ஓவன் எரிகிற நேரமெல்லாம் மேனேஜருக்கு மடி கொடுத்து உட்கார்ந்திருப்பது அவர் வேலை. ஆபீசுக்குத் தினமும் தாமதம்.

எரிந்த வீடுகளுக்கு இன்றும் போகிறார். இப்போதெல்லாம் எரியாத வீட்டையும் விடுவதில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் ஏறி இறங்கி, கேட்காமலேயே சொல்கிறார். வாசலில் நின்று வெறுமனே ‘கவனம்’ என்று சொல்லிவிட்டு வருவதில்லை.

“புது ஓவன் வாங்கறீங்களா? சந்தோஷம். ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி, தொழில் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு வீட்டு ஒயரைத் திறந்து காட்டுங்க. அவர் சிரிச்சா சிரிக்கட்டும். இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலைன்னு மட்டும் சொல்லாதீங்க. எரிஞ்ச வீட்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, நானும் சொன்னேன்.”

“உங்க வீடு எப்படி சார் தப்பிச்சுது?” என்று யாராவது கேட்பார்கள்.

கவனம் சார் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்:

“பூனை சொல்லிச்சுங்க. எல்லார் வீட்லயும் பூனை இருக்காது.”